கற்றல் குறைபாடு அசெஸ்மென்ட்: டெஸ்ட் எங்கும் ஒன்றுதான், முன்னும் பின்னும்தான் வித்தியாசம்

டிஸ்லெக்ஸியா (வாசிப்பில் குறைபாடு), டிஸ்கிராஃபியா (எழுத்தில்), டிஸ்கால்குலியா (கணக்கில்) என்ற சந்தேகத்தோடு பிள்ளையை அசெஸ்மென்ட்டுக்கு அழைத்துப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது, "எங்கே நல்லா டெஸ்ட் எடுப்பாங்க?" என்பதைத்தான். ஆனால் டெஸ்ட் பெட்டி எல்லாரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். கையேட்டில் அச்சிட்டிருக்கும் வாக்கியத்தை ஒரு சொல்கூட மாற்றாமல் சொல்ல வேண்டும், ஸ்டாப்வாட்ச் பார்த்து நொடியைக் குறிக்க வேண்டும், பதிலை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். இதில் ஒருவர் இன்னொருவரைவிடப் பெரிதாகச் சாதிக்க வழியில்லை. சொதப்ப வேண்டுமானால் வழியுண்டு. காசுக்கு ஏற்ற வேலையா இல்லையா என்பது டெஸ்ட்டுக்கு முன் என்ன கேட்கிறார்கள், டெஸ்ட்டுக்குப் பின் என்ன எழுதுகிறார்கள் என்ற இரண்டில்தான் தெரியும். இந்த விமர்சனமும் அந்த இரண்டுக்கே அதிக இடம் கொடுக்கிறது.

புக் செய்வதற்கு முன்

ஸ்கிரீனிங் வேறு, அசெஸ்மென்ட் வேறு. கம்ப்யூட்டர் திரையில் இருபது நிமிடத்தில் முடியும் சோதனை, "இந்தப் பிள்ளையை மேற்கொண்டு பார்க்கணும்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. அதை வைத்தே "மிதமான டிஸ்லெக்ஸியா" என்று சான்றிதழ் அச்சடித்துத் தரும் இடத்தில் பணம் கட்ட வேண்டாம். முழு அசெஸ்மென்ட் என்றால் பெற்றோரிடம் விரிவாக வரலாறு கேட்பது, பள்ளியிலிருந்து தகவல் வாங்குவது, நேரில் டெஸ்ட், கடைசியில் ரிப்போர்ட்டும் அதை உட்கார்ந்து விளக்கும் சந்திப்பும் எல்லாம் சேர்ந்ததுதான். கட்டணத்தில் அந்தக் கடைசிச் சந்திப்பு அடக்கமா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். அதைத் தனிக் கணக்காகப் பிறகு நீட்டுகிற இடங்கள் உண்டு. சந்திப்பே இல்லாமல் ரிப்போர்ட்டை மெயிலில் அனுப்பிவிடுவது அதைவிட மோசம்.

டெஸ்ட் எடுப்பவரும் ரிப்போர்ட் எழுதுபவரும் ஒருவரா என்றும் கேளுங்கள். பயிற்சியில் இருப்பவர் டெஸ்ட் எடுத்து, மூத்த சைக்காலஜிஸ்ட் கையெழுத்துப் போடும் முறை தவறில்லை. ஆனால் எழுதும்போது பிள்ளை பென்சிலை எப்படி அழுத்தியது, எந்தச் சொல்லில் பின்வாங்கிப் போய் மறுபடி வாசித்தது என்பதெல்லாம் பக்கத்தில் இருந்தவருக்குத்தான் தெரியும். அவர் ரிப்போர்ட்டைத் தொடவில்லை என்றால் அந்தப் பாதி போய்விடும்.

டெஸ்ட்டின் பதிப்பையும் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். குழந்தைகளின் ஐ.க்யூ.வை அளக்கும் வெக்ஸ்லர் அளவுகோல், சுருக்கமாக விஸ்க், முதலில் வந்தது 1949-இல். ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தது. 6 வயது முதல் 16 வயது 11 மாதம் வரை உள்ளவர்களுக்கு இது. அதற்கு மேல் பெரியவர்களுக்கான வெய்ஸ். ஒரு தலைமுறைக்கு முந்தைய பதிப்பில் எடுத்தால், அந்தக் காலத்துப் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலோடுதான் ஒப்பிடுவார்கள். அப்படி வரும் ஐ.க்யூ. உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கும். தலைமுறைக்குத் தலைமுறை மதிப்பெண் ஏறிவந்ததால் இப்படி; ஃப்ளின் விளைவு என்று இதற்குப் பெயர்.

தேர்வில் கூடுதல் நேரமோ ஸ்க்ரைபோ (பிள்ளை சொல்வதை எழுதித் தருபவர்) வாங்குவதுதான் நோக்கம் என்றால், தேர்வு நடத்தும் அமைப்பிடம் முதலில் பேச வேண்டும், மையத்திடம் அப்புறம். யார் கையெழுத்துப் போட்டால் ஏற்பார்கள், எத்தனை ஆண்டுக்குள் எடுத்த ரிப்போர்ட் வேண்டும், எந்தப் படிவத்தில் வேண்டும் என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். இதை விசாரிக்காமல் அருமையான ரிப்போர்ட் ஒன்றை வாங்கிக்கொண்டு போய், கையெழுத்துப் போட்டவர் பட்டியலில் இல்லை என்று திரும்பி வருவது வருடா வருடம் நடக்கிறது.

படிவத்தை வரவேற்பறையில் நிரப்பாதீர்கள்

முன்கூட்டியே அனுப்பும் வரலாற்றுப் படிவம் பத்துப் பக்கத்துக்கு மேல் இருந்தால் சலித்துக்கொள்ள வேண்டாம். நல்ல இடத்தின் அடையாளம் அது. ஒரே பக்கத்தில் பெயர், வகுப்பு, "பிரச்சினை என்ன?" என்று மட்டும் கேட்கிறார்கள் என்றால் வேறு இடம் பாருங்கள். குறைமாதப் பிரசவமா, பேச்சு எப்போது வந்தது, காதில் சீழ் அல்லது நீர் கோத்ததா, எத்தனை முறை பள்ளியும் பாடமொழியும் மாறின, குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிப்பில் தகராறு இருந்ததா என்றெல்லாம் கேட்க வேண்டும். இந்தக் கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். டிஸ்லெக்ஸியா குடும்பத்தில் தொடர்ந்து வருவது. "எங்க பக்கம் யாருக்கும் இல்லை" என்று இரு வீட்டாரும் விறைத்துக்கொண்டால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

பலரும் கோட்டை விடுவது, இதுவரை என்ன உதவி செய்தீர்கள் என்ற கேள்வியில். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 கையேடு (2013) இந்தக் குறைபாட்டைச் சொல்ல வைக்கும் நிபந்தனைகளில் ஒன்று, குறிவைத்துச் சொல்லிக்கொடுத்தும் சிரமம் குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும் என்பது. ஆகவே "எல்லாம் பண்ணிப் பார்த்துட்டோம்" என்ற வரியால் ஒரு பயனும் இல்லை. "ஜூன் முதல் டிசம்பர் வரை, வாரம் மூன்று நாள், அரை மணி நேரம், எழுத்துக்கூட்டி வாசிக்கும் பயிற்சி, தொடங்கும்போது நிமிடத்துக்கு 20 சொல், இப்போது 26" என்று எழுதினால் மதிப்பிடுகிறவருக்குப் பாதி வேலை முடிந்தது.

நோட்டுப் புத்தகங்களில் எதைக் கொண்டுபோவது? அட்டை போட்ட ஃபேர் நோட்டு வேண்டாம். அது பலகையைப் பார்த்து எழுதியது. வகுப்பில் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிய நோட்டு, சொந்தமாக எழுதிய கட்டுரை, கணக்கு ரஃப் நோட்டு, திருத்திய தேர்வுத்தாள் என்று இரண்டு மூன்று பாடத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆண்டு முழுக்க என்ன நகர்ந்தது, என்ன நகரவில்லை என்று தெரியும். அழித்துத் திருத்தி அனுப்புகிற பெற்றோர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கைவைக்காதீர்கள்.

பள்ளிக்கான படிவத்தை மூன்று வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள், முந்தைய நாள் கொடுத்தால் "சராசரி, கவனம் போதாது" என்று இரண்டு சொல்லில் திரும்பி வரும். ஆசிரியர் வார்த்தை எவ்வளவு பெரிய சாட்சி என்பதற்குப் பழைய எடுத்துக்காட்டு உண்டு. வாசிப்புக் குறைபாட்டை முதன்முதலில் பதிவு செய்த குறிப்புகளில் ஒன்று, 1896-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பிரிங்கிள் மார்கன் எழுதியது. பதினான்கு வயதுப் பையன். கணக்கு வரும், வாசிப்பு வராது. பாடம் முழுக்க வாய்மொழியாக இருந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக அதில் இருக்கிறது. இன்றைக்கு மூன்று மணி நேர டெஸ்ட் கண்டுபிடிப்பதும் சாரத்தில் அதுவேதான்: கேட்டால் புரிகிறது, வாசித்தால் வரவில்லை. உங்கள் பள்ளிப் படிவமும் அந்த அளவுக்குத் திட்டமாக இருக்க வேண்டும்.

கண், காது. இந்த இரண்டையும் சோதிக்காமல் அசெஸ்மென்ட்டுக்குப் போகவே கூடாது. கண்ணில் தூரப் பார்வை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். புத்தக தூரத்தில் பார்வை எப்படி, இரண்டு கண்ணும் சேர்ந்து குவிகிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காதுக்கு ஆடியோகிராம் என்ற கேட்கும்திறன் சோதனை. சின்ன வயதில் நடுக்காதில் அடிக்கடி நீர் கோத்த பிள்ளைக்கு ஒலிகளைப் பிரித்தறிவதில் சிக்கல் இருக்கலாம். அது தெரியாமல் ஒலியியல் டெஸ்ட் எடுத்தால் காதின் கணக்கை மூளையின் பேரில் எழுதிவிடுவார்கள். நல்ல மையம் இந்த இரண்டு ரிப்போர்ட்டும் வராமல் தேதியே கொடுக்காது.

பயிற்சி கொடுத்துக் கெடுப்பது

இணையத்தில் மாதிரிக் கேள்விகளைத் தேடி ஒரு வாரம் உருப்போட வைத்துவிட்டு அழைத்துவரும் பெற்றோரை நினைத்தால் கோபப்படவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. பாசத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் இந்த டெஸ்ட்டுகளின் ஒப்பீட்டுப் பட்டியல் முழுவதும் அந்தக் கேள்வியை முதன்முறை பார்க்கும் பிள்ளைகளை வைத்துக் கட்டியது. பழகிவிட்டு வந்தால் மதிப்பெண் ஏறும், குறைபாடு மறையும், கிடைக்க வேண்டிய உதவி கிடைக்காமல் போகும். அதே காரணத்தால், ஏற்கெனவே எங்கேயாவது இதே டெஸ்ட் எடுத்திருந்தால் மறைக்காமல் தேதியோடு சொல்லுங்கள். ஓராண்டுக்குள் அதையே மறுபடி எடுத்தால் பழக்கத்தால் எண்கள் உயரும், குறிப்பாகக் கட்டை அடுக்குவது, குறியீடு எழுதுவது (எந்த எண்ணுக்கு அல்லது உருவத்துக்கு எந்தக் குறி என்று பார்த்து வேகமாக எழுதுவது) போன்றவற்றில். வேறு டெஸ்ட்டைத் தேர்ந்தெடுக்க அவர்களால் முடியும்.

தயாராக வேண்டியது உடம்புதான். முந்தைய இரவு தூக்கம், காலை நேரத்து அப்பாயின்ட்மென்ட், வயிறு நிறைந்திருப்பது, கண்ணாடி, காதுக்கருவி. காய்ச்சலோ சளியோ இருந்தால் தள்ளிப்போடுங்கள். தேர்வு வாரத்தில் வைக்காதீர்கள். ஏ.டி.எச்.டி. (கவனம் நிற்காத, துறுதுறுப்பு அதிகமான நிலை) மருந்து எடுக்கும் பிள்ளையா? அன்று மாத்திரை கொடுக்கலாமா வேண்டாமா என்பதை மருத்துவரிடமும் மதிப்பிடுகிறவரிடமும் முன்பே கேட்டு முடிவு செய்ய வேண்டும், நீங்களாக நிறுத்தக்கூடாது. எது செய்தாலும் ரிப்போர்ட்டில் அது பதிவாகியிருக்க வேண்டும்.

பிள்ளையிடம் என்ன சொல்வது? "பரீட்சை" என்ற சொல்லே வேண்டாம். டாக்டர் என்றால் ஊசி நினைவுக்கு வரும். "நாளைக்கு ஒரு டீச்சரைப் பார்க்கப் போறோம். புதிர், கட்டை, கொஞ்சம் வாசிப்பு, கொஞ்சம் எழுத்து. சிலது ரொம்ப ஈசியா இருக்கும், சிலது உன்னைவிடப் பெரிய அண்ணன்களுக்கே வராது. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம், மார்க் கிடையாது." இவ்வளவு போதும். அந்த "பெரிய அண்ணன்களுக்கே வராது" பகுதியை மறக்காமல் சொல்லுங்கள், காரணம் கீழே.

அந்த மூன்று மணி நேரம்

மொத்தம் இரண்டரை முதல் நான்கு மணி நேரம் ஆகும், இடைவேளைகளோடு. சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு நாளாகப் பிரிப்பது நல்லது. பெற்றோர் வெளியே இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் ஒவ்வொரு பதிலுக்கும் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும். தெருச் சத்தம் கேட்கிற அறை, கால் தரையில் எட்டாத நாற்காலி, நடுவில் கதவைத் திறந்து ஃபைல் கேட்கிற ஆள்: இதெல்லாம் இருக்கிற மையத்துக்கு ஒரு மதிப்பெண் குறைத்தே ஆக வேண்டும். எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் டெஸ்ட்டின் நடுவே கதவு திறந்தால் அந்த வரிசை அங்கேயே பாழ்.

அந்த எண் டெஸ்ட்டையே பாருங்கள். மதிப்பிடுகிறவர் நொடிக்கு ஓர் எண் வீதம், ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொல்வார். பிள்ளை அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு எண்ணில் தொடங்கி நீளம் கூடிக்கொண்டே போகும். பிறகு தலைகீழாக. பிறகு சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி. ஒரே நீளத்தில் கொடுக்கும் இரண்டு முயற்சியும் தவறும்போதுதான் நிறுத்துவார்கள். அதாவது எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையானாலும் இந்த டெஸ்ட் தோல்வியில்தான் முடியும், வடிவமைப்பே அப்படி. முன்னால் சொல்லிவைக்காவிட்டால், ஒவ்வொரு பகுதியும் தவறோடு முடிவதைப் பார்த்துப் பிள்ளை முக்கால் மணி நேரத்தில் சோர்ந்து "தெரியாது" என்ற பதிலிலேயே தங்கிவிடும்.

குறியீடு எழுதும் பகுதி 120 நொடி. சிவப்பு வெள்ளைக் கட்டைகளைப் படத்தில் உள்ளபடி அடுக்குவது இன்னொன்று. பெற்றோருக்கு இவைதான் டெஸ்ட் மாதிரித் தோன்றும். ஆனால் வாசிப்புக் குறைபாட்டைப் பிடிப்பவை இவையல்ல. சொற்பட்டியலை நேரக் கெடுவுக்குள் வாசிப்பது, பொருளில்லாத சொற்களை வாசிப்பது, ஒலிகளைச் சேர்ப்பது, நீக்குவது, எழுத்துகளையோ எண்களையோ கடகடவென்று பெயர் சொல்லிக்கொண்டே போவது, சொல்வதை எழுதுவது, பத்து நிமிடம் சொந்தமாக எழுதுவது: முடிவு இவற்றில்தான் இருக்கிறது. "ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்தாச்சு, ரிப்போர்ட் வந்தாச்சு" என்று இவற்றைத் தொடாமல் முடிக்கிற சேவை பாதி சேவைகூட இல்லை.

பொருளில்லாச் சொல் எதற்கு என்று கேட்பார்கள். "மரம்" என்று எழுதியிருப்பதை ஒரு பிள்ளை உருவத்தைப் பார்த்தே சொல்லிவிடும். எழுத்து எழுத்தாக வாசிக்கிறதா என்று தெரியாது. "நுசவம்" என்று எழுதிக் காட்டுங்கள். மனப்பாடத்தில் இல்லாத சொல். வாசிக்கத் தெரிந்தால்தான் வரும். மூன்றாம் வகுப்பில் பாடப் பத்தியைத் தங்குதடையின்றிச் சொல்லும் பிள்ளை "நுசவம்" முன்னால் நின்று "நவசம்?" என்றால், அந்தப் பத்தி மனப்பாடம் என்று அர்த்தம்.

கல்லூரி வயதினருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு தனி எச்சரிக்கை. வருடக்கணக்கில் சமாளித்துப் பழகியவர்கள் பிழையில்லாமல் வாசிப்பார்கள், மெதுவாக. நேரம் குறிக்காத வாசிப்பு டெஸ்ட் மட்டும் வைத்தால் "எல்லாம் நார்மல்" என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். நேரம் குறிக்கும் டெஸ்ட் உண்டா என்று அவர்கள் கேட்டே ஆக வேண்டும்.

தமிழ் பேசும் பிள்ளை என்றால்

பெரும்பாலான டெஸ்ட்டுகள் ஆங்கிலத்துக்காகச் செய்தவை. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று இருக்கும் பிள்ளையிடம் அதை வைக்கும்போது மதிப்பிடுகிறவருக்குத் தமிழ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் எழுதும் ரிப்போர்ட்டில் பாதி, மொழியைக் குறைபாடாக எண்ணிய கதையாக இருக்கும்.

ஆங்கிலத்தில் வல்லொலிக்கும் மென்மையான ஒலிக்கும் தனித்தனி எழுத்தாக இருக்கும் இரண்டு "பி"-யும் (p, b) தமிழில் "ப" ஒன்றுதான். தோளில் மாட்டும் "பேக்", பொட்டலம் கட்டும் "பேக்", இந்த வேறுபாட்டைத் தமிழில் எழுதிக் காட்டக்கூட முடியாது பாருங்கள். ஆகவே தமிழ்ப் பிள்ளை ஆங்கிலத்தில் இந்த எழுத்துகளை மாற்றிப் போட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது எழுத்துமுறையை, பிள்ளையை அல்ல. க, ட, த எல்லாவற்றுக்கும் இதே கதை.

ஒலி நீக்கும் டெஸ்ட்டில் இன்னொரு வம்பு. "பால்" என்பதில் "ப்" ஒலியை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? "ஆல்." பெரியவர்களுக்கே ஒரு நொடி ஆகும், ஏனென்றால் "பா" என்ற ஒரே உயிர்மெய்க்குள் "ப்"-உம் "ஆ"-வும் ஒட்டிக் கிடக்கின்றன. அசையாகக் கேட்டால், "கடல்" என்பதில் "க" எடுத்தால் "டல்" என்று அதே பிள்ளை உடனே சொல்லும். அசை அளவில் வருகிறது, ஒலி அளவில் வரவில்லை என்றால் அது 247 எழுத்தையும் அட்டவணையாகப் படித்ததன் விளைவாக இருக்கலாம். இரண்டு அளவிலும் வரவில்லை என்றால்தான் கவலை. நல்ல மதிப்பீட்டாளர் இரண்டையும் சோதித்துவிட்டு, ரிப்போர்ட்டில் பிரித்து எழுதுவார்.

எழுத்துப் பிழைகளிலும் இதே நிதானம் தேவை. ல-ள-ழ, ர-ற, ந-ன-ண மயக்கம் தமிழ் எழுதும் யாருக்கும் உள்ளது. அதை மட்டும் வைத்து டிஸ்லெக்ஸியா என்றால் பாதிப் பேருக்கு மேல் மாட்டுவோம். குறில்-நெடில் தொடர்ந்து தவறுவது, மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போவது, கொம்பும் காலும் தப்பான எழுத்தோடு சேர்வது, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவது ஆகியவைதான் கவனிக்க வேண்டியவை. எழுத்தும் ஒலியும் பெருமளவு ஒத்துப்போகும் மொழிகளில் இந்தக் குறைபாடு பிழையாக வெளிப்படுவதைவிட வேகக்குறைவாகவே அதிகம் வெளிப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பத்தியைச் சரியாகத்தான் வாசித்தான் என்று சொல்வதோடு நிறுத்தாமல், எத்தனை நொடியில் வாசித்தான் என்பதையும் எழுத வேண்டும்.

பேச்சுத் தமிழ் வேறு, எழுத்துத் தமிழ் வேறு என்பதால் சொற்பொருள் கேள்விகளும் சறுக்கும். "வந்துச்சு" என்று வளர்ந்த பிள்ளைக்கு "வந்தது" படித்துத் தெரிந்துகொண்ட வடிவம். வாசிப்பே வராத பிள்ளைக்கு அந்த நூல்நடைச் சொற்கள் எங்கிருந்து வரும்? மொழித்திறன் எண் குறைவாக இருந்தால் காரணமா விளைவா என்று மதிப்பிடுகிறவரிடம் கேளுங்கள்.

ரிப்போர்ட்டைப் பிரித்ததும்

முதலில் பாருங்கள் பிறந்த தேதியை. சிரிக்க வேண்டாம். விஸ்க் போன்ற டெஸ்ட்டில் ஒப்பீட்டுப் பட்டியல் நான்கு நான்கு மாத வயதுக் கட்டங்களாக இருக்கிறது. தேதி தப்பினால் வேறு கட்டம், வேறு எண்கள். அடுத்து பிள்ளையின் பெயரும் பாலும் எல்லாப் பக்கத்திலும் சரியா என்று பாருங்கள். பன்னிரண்டாம் பக்கத்தில் "அவள்" திடீரென்று "அவன்" ஆனால், யாரோ இன்னொரு பிள்ளையின் ரிப்போர்ட்டில் பெயரை மாற்றியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட பிரதிக்கு முன் வரைவைக் காட்டும் மையத்துக்குத் தனிப் பாராட்டு.

எண்களைப் படிப்பது அவ்வளவு கடினமில்லை. பெரும்பாலான டெஸ்ட்டுகளில் 100 சராசரி. 85-க்கும் 115-க்கும் இடையில் நூற்றுக்கு 68 பேர் இருப்பார்கள். சிறு பகுதிகளுக்கு 10 சராசரி, 7 முதல் 13 வரை அதே கூட்டம். பக்கத்தில் பர்சன்டைல் இருக்கும். அது மார்க் அல்ல. 16-ஆம் பர்சன்டைல் என்றால் நூற்றுக்குப் பதினாறு வாங்கினான் என்று அர்த்தமில்லை; அதே வயதுள்ள நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் கீழிருந்து பதினாறாவது இடத்தை ஒட்டி நிற்கிறான் என்று அர்த்தம், அதாவது 85. இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு வீட்டில் நடக்கும் கூத்துகள் கொஞ்சநஞ்சமல்ல. எண்ணோடு, உண்மையான எண் இருக்கக்கூடிய ஓர் எல்லையும் தந்திருக்க வேண்டும்: 82, எல்லை 76 முதல் 89, என்பதுபோல. எல்லையில்லாத ஒற்றை எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். டி.எஸ்.எம்.-5, உறுதியாகச் சொல்ல 78 அல்லது அதற்குக் கீழ், அதாவது 7-ஆம் பர்சன்டைலுக்குக் கீழ் என்று ஓர் அளவு காட்டுகிறது. ஆனால் மற்றச் சான்றுகள் வலுவாக இருந்தால் அதைத் தளர்த்தவும் இடம் கொடுக்கிறது. அந்த மற்றச் சான்றுதான் உங்கள் நோட்டுப் புத்தகமும் பள்ளிப் படிவமும்.

மொத்த ஐ.க்யூ. எண்ணில் கண்ணை வைக்க வேண்டாம். மொழி 118, காட்சி 112, தர்க்கம் 109, வேலை நினைவு (கேட்டதை மனதில் வைத்துக்கொண்டே வேலை செய்வது) 82, வேகம் 79 என்று ஒரு பிள்ளைக்கு வந்தால் மொத்த எண் நூற்றை ஒட்டி வந்து நிற்கும், "சராசரி" என்று எழுதிவிடுவார்கள். அந்தச் சராசரி அந்தப் பிள்ளைக்குள் எங்குமே இல்லை. இவ்வளவு மேடு பள்ளம் இருக்கும்போது மொத்த எண்ணைப் பயன்படுத்த முடியாது என்று ரிப்போர்ட்டே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் கேளுங்கள். ஐ.க்யூ.வுக்கும் வாசிப்புக்கும் இவ்வளவு இடைவெளி இருந்தால்தான் குறைபாடு என்ற பழைய கணக்கை டி.எஸ்.எம். 2013-இல் கைவிட்டுவிட்டது. இன்னும் அந்தச் சூத்திரத்தை மட்டும் போட்டு "இல்லை" என்று எழுதும் இடம், புத்தக அலமாரியைப் புதுப்பிக்கவில்லை என்று பொருள். "வாசிப்பு வயது 7 வருடம் 2 மாதம்" என்ற வகை எண்ணையும் ஓரமாக வையுங்கள். கேட்க எளிதாக இருக்கும், ஒப்பிட உதவாது.

கடைசிப் பக்கங்களில் பரிந்துரை. முழுக் கட்டணமும் இதற்குத்தான். ஒவ்வொரு பரிந்துரைக்கும் எதிரே ஓர் எண்ணைச் சுட்ட முடிய வேண்டும். வாசிப்பு வேகம் 5-ஆம் பர்சன்டைல், கேட்டுப் புரிவது 70-ஆம் பர்சன்டைல் என்றால் கேள்வியை வாசித்துக் காட்ட ஆள் வேண்டும் என்பது நியாயமாக வருகிறது. எழுத்து வேகம் குறைவு, சொல்லும் கதை அருமை என்றால் கீபோர்டு; ஆனால் டைப்பிங் பழகாத பிள்ளைக்குக் கீபோர்டு கொடுத்தால் இன்னும் மெதுவாகும் என்பதால் பழகும் காலத்தையும் எழுத வேண்டும். எழுத்துக்கூட்டவே வராத பிள்ளைக்குக் கூடுதல் நேரம் மட்டும் தருவது, பூட்டிய கதவின் முன் இன்னும் அரை மணி நேரம் நிற்கவிடுவது. கணக்கில் எந்தச் சிக்கலும் இல்லாத பிள்ளைக்குக் கால்குலேட்டர் அனுமதி, எல்லாருக்கும் "முன் பெஞ்சில் உட்காரவைக்கவும்" என்று இருபது வரி வந்தால், அது எல்லா ரிப்போர்ட்டிலும் ஒட்டும் பக்கம். தேர்வுச் சலுகை மட்டும் இருந்து, என்ன முறையில், வாரம் எத்தனை மணி நேரம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லாத ரிப்போர்ட் பாதி வேலை.

விளக்கச் சந்திப்பில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். பத்து நிமிடத்தில் எழ வைத்தால் பேனாவைக் கையில் எடுத்து, எந்த எண் முடிவைத் தீர்மானித்தது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு நேராகப் பதில் சொல்கிறவர் வேலை தெரிந்தவர். பிள்ளைக்கும் அதன் வயதுக்கேற்ப பத்து நிமிடம் தனியாக விளக்கச் சொல்லலாம். நன்றாகச் செய்கிற இடங்கள் இதைக் கேட்காமலே செய்கின்றன.

கூடவே விற்கும் சரக்கு

சில மையங்களில் ரிப்போர்ட்டோடு நிறக் கண்ணாடி, கண் தசைப் பயிற்சி, மூளைப் பயிற்சி மென்பொருள் என்று ஒரு பேக்கேஜ் வரும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமியும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009-இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, நிறக் கண்ணாடியையும் கண் பயிற்சியையும் வாசிப்புக் குறைபாட்டுக்கு மருந்தாக ஏற்கவில்லை. மதிப்பிடுகிறவரே விற்பவராகவும் இருந்தால் இரண்டாவது கருத்து கேட்டுவிடுங்கள். எழுத்தையும் ஒலியையும் படிப்படியாக, தினமும், ஒழுங்குமுறையோடு சொல்லிக்கொடுக்கும் ஸ்பெஷல் எஜுகேட்டருக்கு அந்தப் பணம் போகட்டும்.

அந்தப் பாடத்தைத் தொடங்க ரிப்போர்ட் கையில் வர வேண்டும் என்பதுமில்லை. அப்பாயின்ட்மென்ட்டுக்கு நான்கு மாதம் காத்திருப்பு என்றால் அந்த நான்கு மாதமும் பயிற்சி நடக்கட்டும், வாராவாரம் நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். அசெஸ்மென்ட் அன்று ஃபைலில் முதலில் வைக்க வேண்டிய தாள் அதுதான்.